தண்ணி போற வழி தெரிஞ்சவங்களையும் கூப்பிட்டு உக்கார வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடியில பொறந்து வளந்து இங்கயே ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல டாக்குமென்ட் வேலை பாக்குற ஆளு நான். கொஞ்ச காலமா எல்லா பேப்பர்லயும் நம்ம ஊர்ப் பேர் முதல் பக்கத்துல வருது. வெளித்துறைமுகத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நட்டாச்சு, அதே வருஷம் செப்டம்பர்ல புது கன்டெய்னர் டெர்மினல் தொறந்தாச்சு, 2025 ஜூலையில வாகைக்குளத்துல ஏர்போர்ட் புது கட்டடம், ஆகஸ்ட்ல வின்பாஸ்ட் கார் பேக்டரி, குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் தளம் வேற வருது. எல்லாம் நல்லதுதான், எங்க வீட்டு அடுப்பே துறைமுகத்தாலதான் எரியுது, அதனால வளர்ச்சி வேண்டாம்னு சொல்ற ஆளு நான் கிடையாது. ஆனா இந்தச் செய்திய எல்லாம் படிச்சு முடிச்சிட்டு தெருவுல இறங்கினா ஐப்பசி பொறக்கப் போகுதேன்னு வயித்துல ஒரு பயம் வருது பாருங்க, அதப் பத்தித்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாப் போகும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

மொதல்ல ஒரு கேள்வி. தூத்துக்குடிய யாரு நடத்துறாங்க? மாநகராட்சின்னு சட்டுனு சொல்லிருவோம், 60 வார்டு இருக்கு, மேயர் இருக்காங்க, கமிஷனர் இருக்காங்க. ஆனா புது ஹார்பர் பக்கம் போனா அது மத்திய அரசோட துறைமுக ஆணையம். ஊருக்கு நடுவுல ஓடுற தண்டவாளம் ரயில்வேக்குச் சொந்தம். நாலுவழிச் சாலை தேசிய நெடுஞ்சாலைக்காரங்க கையில. கோரம்பள்ளம் குளமும் உப்பாத்து ஓடையும் நீர்வளத்துறை. கடல்ல இறங்கினா மீன்வளத்துறை, எதிர்ல தெரியுற தீவுக்குப் போனா வனத்துறை. நடுவுல உப்பளம், அதுல சிலது பட்டா, சிலது குத்தகை. எங்க வீட்டு மொட்டமாடியில விழுற மழத்தண்ணி கடலுக்குப் போய்ச் சேரணும்னா இத்தன பேரோட எல்லையையும் தாண்டித்தான் போயாகணும். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க எல்லைக்குள்ள வேலை பாக்குறாங்க, அதுல நான் குறை சொல்லல. தண்ணிக்கு எல்லை தெரியாதே, அதுதான் பிரச்சினை.

வெளியூர் வாசகர்களுக்குப் புரியணும்னு நம்ம ஊர்த் தண்ணி கதையக் கொஞ்சம் சொல்லிடுறேன். தூத்துக்குடி தட்டையான ஊரு, மேடு பள்ளம்னு பெருசா எதுவும் கிடையாது, கடல் மட்டத்துக்குச் சரியா கிடக்குற ஊரு. மேற்க கோரம்பள்ளம் குளம் இருக்கு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல இருந்து வர்ற வடகாலுக்கு அதுதான் கடைக்கோடி. தாமிரபரணித் தண்ணி மட்டும் வந்தா சமாளிச்சுடலாம், பெருமழைன்னா கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரிக் காட்டுத்தண்ணி மொத்தமும் சேந்து அடிச்சுக்கிட்டு வரும். 24 கண் மதகத் தொறந்துவிட்டா மிச்சத்தண்ணி உப்பாத்து ஓடை வழியா உப்பளத்துக்கு நடுவுல போய் கடல்ல சேரணும். ஊருக்குள்ள பெய்யுற மழைக்கு பக்கிள் ஓடை இருக்கு, அது மூணாவது மைல் பக்கத்துல ஆரம்பிச்சு ஊரக் கிழிச்சுக்கிட்டுப் போய் திரேஸ்புரத்துல கடல்ல விழுது, மழத்தண்ணியும் அதுலதான் சாக்கடையும் அதுலதான். இந்த ரெண்டு ஓடைக்கும் நடுவுல கிடக்குற முத்தம்மாள் காலனி, ராம்நகர், ரஹ்மத்நகர், பிரையண்ட் நகர் மாதிரி இடத்துல பாதி ஒரு காலத்துல தண்ணி தேங்குற பள்ளம். அங்கதான் நாம வீடு கட்டி இருக்கோம், அரசாங்கமும் அப்ரூவல் குடுத்து, கரண்ட் குடுத்து, வீட்டு வரியும் வாங்கியாச்சு, இனி எந்திரிச்சுப் போன்னு யாரையும் சொல்ல முடியாது.

2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சது, ஒரு வருஷத்துக்குப் பேய வேண்டிய மழை ஒரு ராத்திரி ஒரு பகல்ல கொட்டுச்சு. கோரம்பள்ளம் குளம் ஒடஞ்சு தண்ணி ஊருக்குள்ள வந்துட்டு. அந்தோணியார்புரம் கிட்ட நாலுவழிச் சாலையே அறுத்துக்கிட்டுப் போச்சு, திருநெல்வேலிக்குப் போக வழி கிடையாது, ரயில் கிடையாது, ஏர்போர்ட்டும் மூடியாச்சு, செல்போன் டவர் செத்துப் போச்சு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ்ல வந்த நூத்துக்கணக்கான ஜனங்க நடுத்தண்ணியில மாட்டிக்கிட்டப்போ பக்கத்துல இருந்த புதுக்குடி ஊர்க்காரங்கதான், அவங்க ஊரே தண்ணியில மெதக்கும்போது, சோறு பொங்கிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் போய்ச் சேந்துச்சு.

ஊருக்குள்ள நடந்ததும் அப்படித்தான். கடல்ல ஓட்டுற பைபர் படக லாரியில ஏத்திக் கொண்டாந்து தெருவுல இறக்குனவங்க நம்ம மீனவங்க. இடுப்பளவு தண்ணியில படகு போகும்போது கீழ எங்க மதில் செவுரு இருக்கு, எங்க பைக் மூழ்கிக் கிடக்குன்னு தெரியாது, இன்ஜின் போட்டா காத்தாடி அடிபடும், அதனால கம்பு ஊனித் தள்ளித் தள்ளித்தான் போகணும். மாடியில நிக்குற கர்ப்பிணிப் பொண்ணு, சுகர் மாத்திரை தீந்துபோன பெரியவங்க, பால் இல்லாம அழுற பிள்ளைங்க, யார மொதல்ல ஏத்தணும்னு அந்தத் தெரு ஆளுங்களே கத்திச் சொல்வாங்க, படகுக்காரர் அத வச்சே முடிவு பண்ணுவாரு. மாநகராட்சி ஆளுங்களும் தூங்கல, வெளி மாநகராட்சியில இருந்தெல்லாம் மோட்டாரும் தூய்மைப் பணியாளர்களும் வந்தாங்க, அவங்க வீட்டு நல்லநாள் பொல்லநாள் எல்லாத்தையும் விட்டுட்டு நம்ம தெருச் சகதிய அள்ளினாங்க. அத யாரும் மறந்துடக் கூடாது. அரசாங்கமும் ஜனங்களும் அந்தப் பத்து பதினஞ்சு நாளு எந்த பார்மும் நிரப்பாம, யாரு எல்லைன்னு பாக்காம சேந்து வேலை பாத்தாங்க. என் கேள்வி என்னன்னா, வெள்ளத்துல முடிஞ்சது மத்த நாள்ல ஏன் முடிய மாட்டேங்குது?

அந்தச் சமயத்துல நடந்த ஒண்ண சொல்றேன். எங்க தெரு முக்குல டீசல் மோட்டார் ரெண்டு போட்டு ராவும் பகலும் இறைச்சாங்க. தண்ணி ஒரு ஜாண் இறங்கும், அப்புறம் அப்படியே நிக்கும், சில நேரம் ஏறவும் செய்யும். ஏன்னு யாருக்கும் புரியல, மோட்டார் ரிப்பேர்னு ஒருத்தர் சொன்னாரு, எங்கயோ இன்னும் குளம் ஒடஞ்சிருக்குன்னு இன்னொருத்தர் சொன்னாரு. திரேஸ்புரத்துல இருந்து படகோட வந்த பெரியவர் ஒருத்தர் கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு சொன்னாரு, "ஏ தம்பி, கடலு ஏறி நிக்கும்போது நீ எத்தன மோட்டார் போட்டாலும் அங்க வாங்காது, தள்ளுன தண்ணி திரும்பி உன் வீட்டுக்குத்தான் வரும். வத்தம் விழும்ல, அப்ப மொத்தத்தையும் தள்ளு. அதுக்கு முன்னால வாயில மண்ணு மேடேறிக் கிடக்கு, ஜேசிபி வச்சு அத வெட்டி விடச் சொல்லு." ஓடை கடல்ல சேருற இடத்த அவங்க வாயின்னும், கடல் இறங்குறத வத்தம்னும்தான் சொல்லுவாங்க. கடல் எத்தன மணிக்கு ஏறும் எத்தன மணிக்கு வத்தும், அமாவாசைக்கு எம்புட்டு, எட்டாம் பிறைக்கு எம்புட்டுன்னு அவருக்கு மனப்பாடம். எங்க ஷிப்பிங் ஆபீஸ்லயும் அலை அட்டவணை இருக்கு, கப்பல் உள்ள வர்றதுக்கு அதப் பாப்போம். துறைமுகத்துக்குத் தெரிஞ்ச அந்த விஷயம், திரேஸ்புரத்துப் பெரியவருக்குத் தெரிஞ்ச அந்த விஷயம், மோட்டார் ஓட்டுன தம்பிக்குப் போய்ச் சேரவே இல்லையே, அதுதான் மனசு ஆறல. இது நடந்தது ஒரு தெருவுல, மத்த தெருக்கள்ல என்ன நடந்துச்சுன்னு தெரியல, ஆனா எல்லாத் தெருவுலயும் இப்படி விவரம் தெரிஞ்ச ஒருத்தர் நின்னிருப்பாருன்னு நான் நம்புறேன்.

வெள்ளம் வடிஞ்ச அடுத்த கோடையில தெருக்காரங்க சிலர் சேந்து, எங்க வீட்டு வாறுகால், அதான் தெருவோரக் கழிவுநீர்க் கால்வாய், எங்கதான் போகுதுன்னு கூடவே நடந்து பாத்தோம். வாறுகால் மேல வீட்டுக்கு வீடு சிமெண்ட் சிலாப் போட்டு படி கட்டியாச்சு, அதனால பாதி இடத்துல உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. ஒரு சிலாப்ப நகட்டிப் பாத்தா தெர்மாகோல் மீன் பெட்டி, இளநீக் கூடு, பழைய நைட்டி, தண்ணி பாட்டில், ஒரு முழு தலகாணி. அதத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தா மூணு அடி அகல வாறுகால் ரோட்டுக்கு அடியில ஒன்றரை அடிக் குழாயா சுருங்குது. அதுக்கும் அந்தப் பக்கம் போனா புது வாறுகால் ஒண்ணு அழகா கட்டி இருக்காங்க, ஆனா எங்க வாறுகாலுக்கு மேல அரை அடி ஒசரத்துல இருக்கு, தண்ணி எப்படி ஏறும்? அதுக்கப்புறம் ஒரு காலி மனை, அத யாரோ மண்ணடிச்சு ஒசத்திட்டாங்க. இது சம்பந்தமா ஒரு ஆபீஸுக்குப் போனோம், ரோட்டுக்கு அடியில இருக்குற குழாய் எங்களுது இல்லன்னாங்க. அவங்க சொன்ன இன்னொரு ஆபீஸுக்குப் போனோம், வாறுகால் மட்டம் நாங்க பாக்குறது இல்லன்னாங்க. ரெண்டு பேரும் மரியாதையாத்தான் பேசினாங்க, டீ கூட வாங்கிக் குடுத்தாங்க. மனுவ வாங்கி சீல் போட்டு ரசீதும் குடுத்தாங்க, அது இன்னமும் எங்க வீட்டு பீரோவுல இருக்கு, அந்தக் குழாயும் அப்படியே இருக்கு.

இந்த ஊர்ல அரசாங்கமும் ஜனங்களும் சேந்து ஒண்ணும் பண்ணினதே இல்லன்னு யாராவது நெனச்சா அது தப்பு. நாம குடிக்குற தண்ணியே அதுக்கு சாட்சி. குடிக்கத் தண்ணி இல்லாத கடற்கரை ஊரு இது, வெளியூர்ல இருந்து ரயில்ல தண்ணி கொண்டாந்து ஜனங்களுக்கு ஊத்தின காலம் உண்டு. பலமுறை நகராட்சித் தலைவரா இருந்த குரூஸ் பர்னாந்து அய்யா விடாப்பிடியா நின்னு 1927-ல வல்லநாட்டுல இருந்து தாமிரபரணித் தண்ணிய குழாய் வழியா ஊருக்குக் கொண்டு வந்தாரு. அவர் இந்த ஊர்க்காரரு, நகராட்சியில உக்காந்தப்பவும் ஊர்க்காரராவே இருந்தாரு, அதனாலதான் முடிஞ்சது. இன்னைக்கும் அவர் சிலைக்கு மாலை போடுறாங்கன்னா யாரும் கட்டாயப்படுத்திப் போடல.

அதுக்கும் முன்னால 1906-ல வ.உ.சி. அய்யா சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சாரு, 10 லட்ச ரூபா முதலு, 25 ரூபா பங்கு, மொத்தம் 40,000 பங்கு. ஊர் ஊரா அலைஞ்சு ஜனங்ககிட்ட பங்கு வித்துத்தான் காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வாங்கினாங்க. 1908-ல கோரல் மில் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணினப்போ ஊரே சோறு போட்டுது, மில்லுக்கு ஆதரவா பேசினவருக்கு சவரம் பண்ண மாட்டேன்னு எந்திரிச்சுப் போன ஆளும் இந்த ஊர்லதான் இருந்தாரு. அன்னைக்கு அரசாங்கம் எதிர்ப்பக்கம் நின்னுச்சு, வெள்ளைக்காரன். இன்னைக்கு அது நம்ம அரசாங்கம், நாம ஓட்டுப் போட்டு வச்சது. அந்த வித்தியாசம் வாறுகால் வரைக்கும் தெரியணும்ல.

ஜனங்க பேச்சு சட்டத்துல ஏறின கதையும் நம்ம கடல்லயே இருக்கு. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் எவ்வளவு தகராறு நடந்திருக்குன்னு கடற்கரையில இருக்குறவங்களுக்குத் தெரியும், வலைய அறுத்துட்டான்னு அடிதடி வரைக்கும் போகும். அதனாலதான் தூத்துக்குடி விசைப்படகு காலையில 5 மணிக்குப் போயி ராத்திரி 9 மணிக்குள்ள திரும்பிரணும்னு விதி இருக்கு, ராத்திரி கடல் நாட்டுப்படகுக்காரங்களுக்கு. விதிய மீறுறவங்க இருக்காங்க, அதுல சண்டையும் வருது, நான் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்ல வரல. ஆனா அந்த விதி எந்த ஏசி ரூமுலயும் யாரும் தானா யோசிச்சு எழுதினது கிடையாது, கரையில இருந்தவன் பட்ட பாட்டுல இருந்து வந்தது, அதனாலதான் நிக்குது. அதே மாதிரி எதிர்ல இருக்குற வான் தீவு. ஒரு காலத்துல நம்ம ஆளுங்களே பவளப்பாறைய வெட்டி சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏத்தினோம், தீவு கரைஞ்சு சுருங்கிப் போச்சு. அரசாங்கமும் ஊர்ல இருக்குற கடல் ஆராய்ச்சி நிறுவனமும் 2015-ல இருந்து அதச் சுத்தி செயற்கைப் பாறை இறக்கி தீவ நிப்பாட்டி இருக்காங்க. கடல் அடிச்சா மொதல்ல அடி வாங்குறது அந்தத் தீவுங்கதான், அப்புறம்தான் நம்ம கரை.

பேச்சுக்கு வழி இல்லாமப் போனா என்ன ஆகும்னும் இந்த ஊருக்குத் தெரியும். எழுதுறதுக்கே கை நடுங்குது. 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தோட நூறாவது நாளு, கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலமாப் போன ஜனங்க மேல துப்பாக்கிச் சூடு, 13 பேர் செத்துப் போனாங்க. ஆலை வேணுமா வேண்டாமான்னு இங்க இன்னமும் ரெண்டு பக்கமும் பேசுறவங்க இருக்காங்க, ஆலைய நம்பி லாரி வாங்கி கடனாளியானவங்களும் எனக்குத் தெரிஞ்சவங்கதான், 2024 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் தொறக்க முடியாதுன்னு சொல்லிட்டு. அந்த வழக்குக்குள்ள நான் போகல. மூச்சு முட்டுதுன்னு ஜனங்க சொல்ல ஆரம்பிச்சது அந்த நூறு நாளைக்கு இருபது வருஷத்துக்கு முன்னாலயே. அப்பவே அவங்களயும் ஆபீஸர்களையும் டாக்டர்களையும் ஒரு இடத்துல உக்கார வச்சு, காத்துல என்ன இருக்கு தண்ணியில என்ன இருக்குன்னு எல்லாருக்கும் முன்னால அளந்து காட்டி இருந்தா அந்த மே மாசம் வந்திருக்காது. இத நான் ரொம்ப திடமா நம்புறேன். அந்த வீடுகள்ல இன்னைக்கும் போட்டோவுக்கு மாலை தொங்குது.

இனி சொல்ல வந்ததுக்கு வரேன். தமிழ்நாட்டுல நகரங்களுக்குன்னு வார்டு கமிட்டி, ஏரியா சபான்னு ஒண்ணு சட்டத்துல இருக்கு. கிராமத்துல கிராமசபை மாதிரி. ஒவ்வொரு வார்டையும் ஏரியாவா பிரிச்சு, கவுன்சிலர் தலைமையில அந்த ஏரியா ஜனங்க கூடி பேசணும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னைக்கு மாநிலம் பூரா மொதல் தடவையா நடத்தினாங்க, முதலமைச்சரே பம்மல்ல ஒரு கூட்டத்துல உக்காந்தாரு. அன்னைக்கு பேப்பர்ல பாத்துட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா இன்னைக்கு உங்க வாசகர்கள்ல பத்து பேர்கிட்ட கேளுங்க, உங்க ஏரியா சபா எப்ப நடந்துச்சு, உங்க ஏரியா பிரதிநிதி யாருன்னு. எத்தன பேருக்குத் தெரியும்? எங்க தெருவுல நான் கேட்டுப் பாத்தேன், அப்படின்னா என்னன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க.

கூட்டம் நடக்காம இல்ல, நடக்குது. எப்ப எங்கன்னு சாதாரண ஜனங்களுக்கு முன்கூட்டித் தெரியுறது இல்ல. தெரிஞ்சு போனாலும் அங்க மாநகராட்சி ஆளுங்க மட்டும்தான் இருப்பாங்க, லைட் எரியல, குப்பை எடுக்கலங்குறதுக்கு அவங்க பதில் சொல்லிருவாங்க, அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா நான் அந்த ஒன்றரை அடிக் குழாயப் பத்திக் கேட்டா அவங்க என்ன பண்ணுவாங்க? அதுக்கு நெடுஞ்சாலைக்காரங்க வேணும். தண்டவாளத்துக்கு அடியில இருக்குற பாலத்துல மண்ணு மூடியிருக்குன்னா ரயில்வேகாரங்க வேணும். உப்பாத்து ஓடை அகலத்தப் பத்திப் பேச நீர்வளத்துறையும் உப்பளக்காரங்களும் வேணும். ஓடை வாயில சேருற மண்ணப் பத்திப் பேச துறைமுகத்து ஆளும் மீனவங்களும் வேணும்.

அதனால என்னோட கோரிக்கை இதுதான். வருஷத்துல ஒரு தடவை, ஆவணி மாசம், மழைக்கு ரெண்டு மாசம் முன்னாலயே, தாழ்வான வார்டு ஒவ்வொண்ணுலயும் தண்ணிக்குன்னே ஒரு ஏரியா சபா நடத்துங்க. கலெக்டர் சொன்னா எல்லாத் துறையும் வரும், திங்கக்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வர்றாங்கள்ல. கூட்டத்த மண்டபத்துல வைக்க வேண்டாம், வாறுகால் ஆரம்பிக்குற இடத்துல கூடி கடைசி வரைக்கும் எல்லாரும் சேந்து நடங்க. எங்க அடைப்பு இருக்கோ அங்கயே நின்னு இது யாரு வேலை, எந்தத் தேதிக்குள்ள முடிப்பீங்கன்னு எழுதி, அந்தப் பேப்பர வார்டு ஆபீஸ் செவுத்துல ஒட்டுங்க. வீட்டுக்கு ஒரு பெரியவர், ஒரு பொம்பளையாள் கட்டாயம் வரணும். ஏன்னா 2023-ல தண்ணி எந்தப் பக்கமா மொதல்ல உள்ள வந்துச்சு, எத்தன மணிக்கு வந்துச்சுன்னு அடுப்படியில நின்ன அவங்களுக்குத்தான் சரியாத் தெரியும்.

அதுல உப்பளத் தொழிலாளிங்களையும் கூப்பிடணும். மழைக்காலத்துல வேலை இல்லாம கிடக்குற அவங்களுக்கு அரசாங்கம் 5,000 ரூபா நிவாரணம் குடுக்க ஆரம்பிச்சிருக்கு, நல்ல விஷயம். அந்த ஓடைக்கரையில நாள் பூரா வெயில்ல கால் வெடிச்சு நிக்குறது அவங்கதான், எந்தக் கரை பலவீனமா இருக்குன்னு இன்ஜினியர் வர்றதுக்கு முன்னாலயே அவங்க சொல்லிருவாங்க. அதே மாதிரி லாரி டிரைவருங்க. துறைமுகம் வருஷத்துக்கு 4 கோடி டன்னுக்கு மேல சரக்கு ஏத்தி இறக்குது, அதுல பெரும்பகுதி ரோட்டுலதான் ஓடுது. டிரெய்லர ரோட்டோரமா நிப்பாட்டாதீங்கன்னு நாம எல்லாரும் அவங்களத் திட்டுறோம், ராத்திரி இருட்டுல நிக்குற டிரெய்லர்ல போய் மோதி எத்தனையோ பைக்காரப் பசங்க போயிட்டாங்க, கோபம் நியாயம்தான். ஆனா ஹார்பர் கேட் தொறக்குற வரைக்கும் அந்த மனுஷன் வண்டிய எங்க கொண்டு போய் நிப்பாட்டுவாரு, எங்க குளிப்பாரு? வெளித்துறைமுகம் வந்தா வண்டி இன்னும் கூடும். கப்பல் நிக்க இடம் கட்டும்போதே லாரி நிக்கவும் இடம் கட்டுங்கன்னு இப்பவே கேட்டு வைக்கணும், கட்டி முடிச்ச பிறகு கேட்டா இடம் இருக்காது. எங்க ஆபீஸ் ஜன்னல்ல இருந்து இதத் தினம் பாக்குறேன், அதான் சொல்றேன்.

நம்ம பக்கம் பண்ண வேண்டியதையும் சொல்லாம விட்டா இந்த லெட்டர் முழுசா இருக்காது. வாறுகால் மேல போட்ட சிலாப்ப கழட்டுற மாதிரி வைங்க, சிமெண்ட் பூசி மூடாதீங்க. காலி மனைய மண்ணடிச்சு ஒசத்துறவங்க பக்கத்து வீட்டுத் தண்ணி எங்க போகும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. மீன் பெட்டி தெர்மாகோல ஓடையில போடுறத மார்க்கெட்காரங்க விடணும், அது திரேஸ்புரம் வரைக்கும் போய் திரும்பி நம்ம வலையிலயே மாட்டுது. பனிமய மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் 5 அன்னைக்கு எத்தன லட்சம் ஜனம் கூடுது, மதம் பாக்காம தெருத் தெருவா தண்ணிப் பந்தல் வைக்குறோம், மாநகராட்சி ஆளுங்களும் ஊர்ப் பசங்களும் சேந்து விடியுறதுக்குள்ள ரோட்டத் துடைச்சு வைக்குறாங்க. அதே பசங்க, அதே ஆபீஸர்கள்தான் மழைக்கும் இருக்காங்க.

கவுன்சிலர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ஜனங்க கூடினா சண்டை வரும்னு சிலர் தயங்குறாங்கன்னு கேள்விப்பட்டேன். சண்டை வரட்டும், ரெண்டு கூட்டம் கத்துவாங்க, மூணாவது கூட்டத்துல யாரு எத முடிக்கணும்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. எங்க தெருவுலயே வாறுகால் நடந்து பாத்த அன்னைக்கு மொத அரை மணி நேரம் நீ சிலாப் போட்ட நான் சிலாப் போட்டேன்னு ஒரே வாக்குவாதம், மதியத்துக்குள்ள நாலு வீட்டுக்காரங்க அவங்களாவே சிலாப்ப ஒடச்சு எடுத்தாங்க.

கடைசியா உங்க பேப்பருக்கே ஒரு வேண்டுகோள். உள்ளூர் பக்கத்துல நாளைக்கு மின்தடை எந்தெந்த ஏரியான்னு தவறாம போடுறீங்க, நாங்களும் அதப் பாத்துத்தான் மோட்டார் போட்டு டேங்க் நிரப்புறோம், மாவு ஆட்டுறோம். அதுக்குப் பக்கத்துலயே எந்த வார்டுல ஏரியா சபா எந்தத் தேதி, எத்தன மணிக்கு, எங்க நடக்குதுன்னு ரெண்டு வரி போடுங்க. மாநகராட்சியில கேட்டா குடுப்பாங்க, குடுக்கலன்னா கேட்டோம் குடுக்கலன்னு அதையும் போடுங்க. இந்த வருஷ மழைக்கு முன்னால ஆரம்பிச்சா நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி.